சாதுவின் பேரக்குஞ்சுகள்

பல்கலைக்கழகக் கேண்டீனில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறடி உயரத்தில் ஒரு ஆள், இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குந்திய வாக்கில், வாசலிலிருந்து குளிர்பானப் பெட்டியை நோக்கித் தவளை மாதிரி தாவிக்கொண்டு போனான். மரபணு ஆய்வகத்து மாணவன் மொத். பின்னாலேயே அதே ஆய்வகத்து மூத்த மாணவி லம்யாய் கைதட்டிக்கொண்டு வந்தாள்.

"சத்தமே வரலியே! கத்தாத தவளை எங்கடா இருக்கு?"

"அக்கா, தாவுறது மட்டும்தான் பந்தயம். கத்துறதப் பத்திப் பேசவே இல்ல."

"மழைக்காலம் வந்தாச்சு. கத்தித்தான் ஆகணும்."

அவன் கத்தினான். மருத்துவக் கல்லூரிப் பெண்கள் இருந்த மேசையில் சிரிப்பு வெடித்தது. மொத்தின் காது சிவந்தது, ஆனாலும் தாவலை நிறுத்தவில்லை. தோற்றவன் தோற்றவன்தானே.

லம்யாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு வருட உழைப்பு அன்று காலையில்தான் பலன் தந்திருந்தது.

தாய்லாந்தின் நகோன் பதோமில் இருந்த அவர்களுடைய ஆய்வகத்தில் வளர்வதெல்லாம் சண்டைமீன். ஒரு ஆண் மீன் இன்னொரு ஆணைக் கண்ணால் கண்டால் போதும். செவுளை விரித்து, துடுப்பைச் சிலுப்பி, உடம்பெல்லாம் நிறம் ஏறிப் பாயும். அதனால் ஒவ்வொன்றையும் தனிக் குடுவையில் விட்டு, குடுவைக்கும் குடுவைக்கும் நடுவே அட்டை செருகி வைப்பார்கள். சந்தையில் ஒருநாள் லம்யாய் ஒரு நீல மீனைப் பார்த்தாள். நடு அட்டை சரிந்து விழுந்திருந்தது. பக்கத்துக் குடுவை மீன் கொதித்துக் குதித்துக்கொண்டிருக்க, நீல மீனோ வெயிலில் வாலை ஆட்டிக்கொண்டு தன்பாட்டுக்கு மிதந்தது. "இது எதுக்கும் லாயக்கில்லம்மா, வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று கடைக்காரர் அதைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

ஆய்வகத்தில் அதற்குச் 'சாமியார்' என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். நிர்வாகி பென்ஸ்ரீ அக்கா பதறிப்போய், "ஏன் பாவத்தைக் கூட்டிக்கிறீங்க? சாதுன்னு வைங்க" என்றார். சாது ஆகிவிட்டது.

சாதுவின் சாந்தம் பிறவிக் குணமா, வளர்ப்பா என்பதில்தான் பந்தயம். வளர்ப்பு என்றான் மொத். குஞ்சிலிருந்தே தனியாக வளர்ந்த மீனுக்குச் சண்டை போடத் தெரிந்திருக்காது என்பது அவன் கட்சி. பிறவி என்றாள் லம்யாய். சாதுவை ஒரு முரட்டுக் குலத்துப் பெண்மீனோடு சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைகள் ஒன்று பாக்கியில்லாமல் சண்டைக்கு நின்றன. மொத் ஒரு வாரம் விசிலடித்துக்கொண்டு திரிந்தான்.

"பொறு. பேரப்பிள்ளைங்க வரட்டும்" என்றாள் லம்யாய். அந்தக் குணம் ஒரு மரபணுவின் பழுதால் வந்தது என்றால், அப்பனிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது என்று இரண்டும் சேர்ந்த மீனில்தான் அது வெளியே தெரியும். பிள்ளைகளில் ஒளிந்திருந்துவிட்டு, பேரப்பிள்ளைகளில் நான்கில் ஒன்றில் தலைகாட்டும்.

அந்தப் பிள்ளைகளையே ஒன்றோடொன்று சேர்த்துப் பிறந்த பேரக்குஞ்சுகள் வளர்ந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் கண்ணாடி பிடித்துப் பார்க்கும் சோதனை அன்று காலை முடிந்தது. நான்கில் மூன்று பங்கு தன் பிம்பத்தின் மேலேயே பாய்ந்தன. ஒரு பங்கு தாத்தாவைப் போல வாலாட்டிக்கொண்டு நின்றன. மரபணு வரிசையைப் படிக்கும் இயந்திரமும் ஒத்து ஊதியது. சாந்தமான மீன்கள் அத்தனைக்கும் ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே துண்டு தாத்தாவிடமிருந்து வந்திருந்தது. அந்த இயந்திரத்துக்கு முன்னால் தினமும் சிவப்பு சோடா படைத்துக் கும்பிடும் பென்ஸ்ரீ அக்கா, "நான் கேட்டுக்கிட்டது வீண் போகல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆய்வகத் தலைவி வரலக் ஆசான் எதற்கும் எளிதில் சிரிக்காதவர். அன்று மேசைக்கு மேசை வந்து எல்லார் முதுகிலும் தட்டினார்.

"வெள்ளிக்கிழமை பாங்காக் மாநாட்டுல இதத்தான் பேசப்போறேன். 'கோபத்தின் மரபணு'. தலைப்பு எப்படி?"

"டிவிக்காரங்க விடமாட்டாங்க ஆசான்" என்றான் மொத்.

"விடலயே! வியாழக்கிழமை கேமராவோட வர்றாங்க. நீ முடிய வெட்டிட்டு வா."

அன்று பென்ஸ்ரீ அக்காவின் வட்ட மேசை நிறைந்துபோனது. நடுவிலிருந்த சுழல்தட்டில் பப்பாளிக்காய் சாலட், சுட்ட கோழி, ஒட்டுச் சோறு, பொரித்த பன்றித்தோல் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்தன. மொத் காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தவளைக்கு ஒரு கோழிக்கால்" என்று கை நீட்ட, "தவளைக்கு ஈ போதும்" என்று லம்யாய் தட்டைச் சுழற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை டிவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மீன் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலையில் எரியத் தொடங்கும் குழல்விளக்குகள் பளீரென்று பகல் முழுக்க எரியும். அது போதாதென்று அவர்கள் இரண்டு பெரிய விளக்குகளை வேறு நட்டார்கள். குடுவைகள் வரிசையாகத் தெரிய வேண்டும் என்று அட்டைகளை உருவச் சொன்னார்கள். சாது வகை மீன்கள் ஒரே வரிசையில், ஒன்றை ஒன்று பார்த்தபடி, பளிச்சென்ற வெளிச்சத்தில் பூப்போல மிதந்தன.

"மனுசங்களையும் இப்படி ஆக்கிட முடியுமா டாக்டர்?" என்று மைக்கை நீட்டினாள் நிருபர்.

"அதுக்கெல்லாம் ரொம்ப தூரம் போகணும்" என்றார் வரலக் ஆசான். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமிதம் ஓடியது. "ஆனா பாதை கிடைச்சிருக்கு."

படப்பிடிப்பு முடிந்ததும், மழை பிடிப்பதற்குள் பாங்காக் போய்ச் சேர வேண்டும் என்று ஆசானும் கிளம்பிவிட்டார். அட்டைகளைத் திரும்பச் செருகும் வேலை லம்யாய்க்கும் மொத்துக்கும் விழுந்தது. அவர்கள் முதல் வரிசையைத் தொடுவதற்குள் வானம் கிழிந்தது போல ஓர் இடி. கட்டடமே அதிர்ந்தது. விளக்குகள் அணைந்தன. கதவுக்கு மேலே இருந்த அவசர விளக்கு மட்டும் மஞ்சளாக மினுக்கியது.

"ஃப்ரீசர் ஜெனரேட்டருக்கு மாறிடுச்சா?" என்று லம்யாய் இருட்டில் கேட்டாள்.

"மாறிடுச்சு, சத்தம் கேக்குது." பிறகு மொத்தின் குரல் ஒரு மாதிரியாக மாறியது. "அக்கா. அந்த அட்டையக் கீழ வைங்க. இங்க வாங்க. மெதுவா."

லம்யாய் போய்ப் பார்த்தாள். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தாள், பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

சாது வகை மீன்கள் சண்டைக்கு நின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, அந்த வரிசை முழுக்க. செவுள்கள் குடை மாதிரி விரிந்திருந்தன. துடுப்புகள் விறைத்து நின்றன. பக்கத்துக் குடுவையைப் பார்த்துப் பாய்ந்து பாய்ந்து கண்ணாடியில் மூக்கை இடித்தன. 'டொக், டொக்' என்ற சத்தம் மழைச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

"இடிக்குப் பயந்திருக்கும்" என்றாள் லம்யாய். அவள் குரலை அவளே நம்பவில்லை.

"பயந்தா ஒளியும்க்கா. இது ஒளியுற மாதிரியா இருக்கு?"

அந்த நேரம் மின்சாரம் வந்தது. குழல்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் செவுள்கள் மடங்கின. துடுப்புகள் தளர்ந்தன. எதுவுமே நடக்காதது போல மீன்கள் வாலாட்டிக்கொண்டு மிதந்தன.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமே ஒரே நேரத்தில் சுவர் ஸ்விட்சை நோக்கி ஓடினார்கள். லம்யாய் முந்திக்கொண்டாள். அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் மீன்கள் கொதித்தெழுந்தன. போட்டாள். அடங்கின. அணைத்தாள். எழுந்தன.

"இன்னொரு தடவ" என்றான் மொத். "இன்னும் ஒரே ஒரு தடவ." அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

லம்யாய் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "இதுங்க சாது இல்ல மொத். இதுங்களுக்கு வெளிச்சத்துல கண்ணு தெரியல."

சொன்ன மாத்திரத்தில் நான்கு வருடத்துச் சின்னச் சின்னப் புதிர்கள் எல்லாம் அவள் மனதில் மளமளவென்று அவிழ்ந்தன. தீனி போட்டால் இந்த மீன்கள் பாயாமல் தேடித் தேடித் தின்னும். அதையும் சாந்த குணம் என்றே எடுத்துக்கொண்டார்கள். சாதுவை இனப்பெருக்கத் தொட்டியில் விட்டபோது பெண்மீனின் வாலை அது கிழித்துவிட்டது. அந்தத் தொட்டியில் பாதாம் இலை ஊறித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருட்டாக இருந்தது. அப்போது 'ஏதோ ஒருதடவை' என்று விட்டுவிட்டார்கள்.

மொத் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஆசான் நாளைக்குக் காலைல மேடை ஏறப்போறாங்க."

"தெரியும்."

"டிவில இன்னிக்குச் சாயங்காலமே போட்டாலும் போட்டுடுவாங்க."

"தெரியும்டா."

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், அடிக்காதீங்க. நாளைக்கு ஒருநாள் போகட்டும். பேசி முடிச்சுட்டு வரட்டும். திங்கக்கிழமை சொல்லலாம். நமக்கு இன்னும் உறுதியாத் தெரியாது இல்ல?"

ஒரு கணம் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. கோபத்தின் மரபணு என்ற பெரிய பெயரின் கீழே தன் பெயர் இருக்கும். அம்மா ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அந்த ஒரு கணம் கழிந்ததும், தன் கைதான் ஸ்விட்சைப் போட்டது, தன் கண்தான் பார்த்தது என்பதும் கூடவே வந்து நின்றது. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

நெடுஞ்சாலையில் மழைநெரிசலில் மாட்டியிருந்த ஆசான், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. வண்டியின் கண்ணாடித் துடைப்பான் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மத்த மீனுங்க?"

"அதுங்க எப்பவும் போல. வெளிச்சத்துலயும் சண்டை, இருட்டுலயும் சண்டை."

"நாலு வருஷம்" என்றார் ஆசான். "நாலு வருஷத்துல ஒருத்தருக்குமா அந்த விளக்க அணைக்கத் தோணல?"

"விளக்கத் தொட்டா கைய ஒடிப்பேன்னு நீங்கதான் கதவுல எழுதி ஒட்டியிருக்கீங்க ஆசான்."

லம்யாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, அவள் எதிர்பாராத ஒன்று, ஒரு சின்னச் சிரிப்பு.

"ஒட்டியிருக்கேன். சரி. இப்ப கேளு. பார்வைதான்னு நீ எப்படிச் சொல்ற? இருட்டுன உடனே கோபம் வர்ற மீனாக்கூட இருக்கலாம். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கண்ணுதான்னு காட்டு. காட்டிட்டா, நாளைக்கு அதையே பேசுறேன்."

போனை வைத்ததும் லம்யாய்க்குப் பயம் எல்லாம் எங்கோ போய்விட்டது. உடம்பில் புது ரத்தம் ஓடுவது போல இருந்தது. மீனுக்குப் பார்வை சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைச் சுழலவிட்டால், கண் தெரிகிற மீன் கோடு போகும் பக்கமே திரும்பித் திரும்பி நீந்தும். கண் தெரியாத மீன் கண்டுகொள்ளாது. ஆனால் அதற்கு ஒரு சுழலும் கருவி வேண்டும்.

மொத் எழுந்து ஓடினான். திரும்பி வரும்போது பென்ஸ்ரீ அக்காவின் சுழல்தட்டு அவன் கையில் இருந்தது. பின்னால் பென்ஸ்ரீ அக்கா துரத்திக்கொண்டு வந்தார்.

"டேய், மிளகாய் விழுது கிண்ணத்த எறக்கி வெச்சுட்டாவது எடுத்தியா? என்னடா பண்ணப்போறீங்க அத?"

"மீனுக்குக் கண் டெஸ்ட்."

"என் தட்டுல மீன் வாசம் அடிச்சா உங்க ரெண்டு பேருக்கும் பட்டினிதான்." சொல்லிவிட்டு, கோடு போட்ட காகிதத்தைச் சுருட்டி ஒட்டுவதற்கு அவரே பசைநாடாவைப் பல்லால் கடித்துக் கொடுத்தார்.

தட்டின் மேல் கோட்டுக் காகிதம் ஓர் உருளையாக நின்றது. அதன் நடுவே குடுவையை மேலிருந்து கட்டித் தொங்கவிட்டார்கள், தட்டு சுற்றினாலும் குடுவை சுற்றாதபடி. முதலில் ஒரு முரட்டு மீன். பென்ஸ்ரீ அக்கா தட்டைச் சுழற்றினார். மீன் கோட்டைத் துரத்திக்கொண்டு வட்டமடித்தது. விளக்கைக் குறைத்தும் பார்த்தார்கள். அப்போதும் துரத்தியது.

அடுத்து சாதுவின் பேரன். பளீர் வெளிச்சம். தட்டு சுழன்றது. மீன் அசையவில்லை. எதிர்ப்பக்கம் சுழற்றினார்கள். அசையவில்லை.

"இப்ப அணை" என்றாள் லம்யாய். மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவசர விளக்கின் மங்கலில் தட்டு மெல்லச் சுழன்றது. மீன் ஒருமுறை தயங்கியது. பிறகு தலையைத் திருப்பி, கோடு போன பக்கமே, வட்டம் வட்டமாக நீந்தத் தொடங்கியது.

பென்ஸ்ரீ அக்காதான் முதலில் கத்தினார். "பாக்குது! ஏய், இது பாக்குதுடி!" மொத் லம்யாயைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். அடுத்த மீன், அதற்கடுத்த மீன் என்று வரிசையாகச் சோதித்தார்கள். எல்லாம் அதே கதை. பட்டப்பகல் வெளிச்சத்தில் குருடு, அரையிருட்டில் நல்ல பார்வை.

"இதுல ஒரு விஷயம் பாக்கி" என்றான் மொத், மூச்சு வாங்க. "மரபணுன்னு நீங்க சொன்னது சரி. ஆனா கோபத்துக்கான மரபணு இல்ல. அப்போ பந்தயத்துல நீங்களும் பாதி தோத்தாச்சு. பாதி தூரம் தாவணும்."

"வெளிச்சத்துலயா, இருட்டுலயா?"

"கேண்டீன் வெளிச்சத்துல. எல்லாருக்கும் கண்ணு தெரியுற வெளிச்சத்துல."

அவள் தாவினாள். மழை விட்டிருந்த மாலையில், கேண்டீன் பாதிவரைக்கும், கத்திக்கொண்டே தாவினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லம்யாய் நான்கு குடுவைகளை மடியில் வைத்துக்கொண்டு பாங்காக் வேனில் ஏறினாள். மொத் ஆய்வகத்திலேயே தங்கினான். அவனுக்கு வேறு ஒரு வேலை மனதைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது குரோமோசோமின் அந்தத் துண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருந்தன. இத்தனை நாளும் மூளையில் வேலை செய்கிற மரபணுக்களை மட்டுமே அவர்கள் துருவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒன்று கண்ணில் மட்டும் வேலை செய்வது என்று தெரிந்திருந்தும், 'கோபத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்' என்று அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மாநாட்டு அரங்கம் நிரம்பி வழிந்தது. முந்தைய மாலையே டிவியில் 'சமாதான மீன்' ஓடிவிட்டதால் வாசல்வரைக்கும் ஆள். வரலக் ஆசான் மேடையேறி, ஒலிவாங்கியைச் சரிசெய்து, கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார்.

"நேத்து மதியம்வரைக்கும் நான் ஒரு விஷயத்த நம்பினேன். நீங்களும் நேத்து அத டிவியில பாத்திருப்பீங்க. அது தப்பு. எது சரிங்கறத என் மாணவி காட்டுவா." அவர் முன் வரிசையைப் பார்த்தார். "லம்யாய், மேல வா."

லம்யாய் எழுந்து போனாள். குடுவைகளைக் கொண்டுபோய் மேசையில் வரிசையாக வைத்தாள். இருட்டிலும் படம் பிடிக்கும் ஒரு கேமரா மீன்களைப் பெரிய திரையில் காட்டியது. ஆளுயர மீன்கள், ஒன்றை ஒன்று பார்த்தபடி, சாந்தமாக மிதந்தன. கூட்டத்தில் யாரோ, "அழகு" என்றார்கள்.

"விளக்குகள அணைக்க முடியுமா?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

அரங்கம் இருண்டது. ஒன்றும் நடக்கவில்லை. மீன்கள் மிதந்தன. பின்வரிசையில் ஒரு இருமல். லம்யாய்க்கு வியர்த்தது. வேனில் வந்த குலுக்கலில் மீன்கள் சோர்ந்துவிட்டனவோ? இன்னும் இருட்டாக வேண்டுமோ? ஆசானின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

முதல் குடுவை மீனின் செவுள் மெல்ல உப்பியது.

அடுத்த நொடி நான்கும் வெடித்தன. திரை முழுக்க விரிந்த செவுள்கள், விறைத்த துடுப்புகள், பாய்ச்சல், திருப்பம், மறுபடி பாய்ச்சல். ஆயிரம் பேர் ஒரே மூச்சாக "ஓ" என்றார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். "இப்ப போடுங்க" என்றாள் லம்யாய். இப்போது அவள் குரல் கணீரென்று இருந்தது. விளக்குகள் எரிந்தன. மீன்கள் அடங்கின. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

ஆசான் அவள் காதருகே குனிந்து, "இந்தக் கைதட்டு அந்தத் தலைப்புக்குக் கிடைச்சிருக்காது" என்றார்.

இடைவேளையில் சூழ்ந்துகொண்ட கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஒல்லியான ஆள் வந்தார். சியாங் மாயிலிருந்து வந்த கண் மருத்துவர், தனித் என்று பெயர். பேச்சைத் தொடங்கும்போதே அவருக்குப் பரபரப்பு.

"எங்கிட்ட அஞ்சு குடும்பம் இருக்கு. பகல்ல கண் கூசும், எதுவும் தெரியாது. பொழுது சாஞ்சா நல்லாப் பாப்பாங்க. தெரிஞ்ச மரபணு எல்லாத்தையும் சோதிச்சுட்டேன். ஒண்ணுலயும் பழுது இல்ல. உங்க மீனுக்கு எந்த மரபணு?"

"இன்னும் கண்டுபிடிக்..." என்று அவள் வாயெடுக்கும்போதே கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. மொத்.

"அக்கா! கண்ணு மரபணு! நடுவுல ஒரு டிஎன்ஏ எழுத்தக் காணோம். ஒரே ஒரு எழுத்து! அதுக்கப்புறம் வர்றதெல்லாம் குளறுபடி. சாது மாதிரி இருக்கிற அத்தன பேரனுக்கும் ரெண்டு பக்கமும் அதே பழுது. சண்டை போடுற ஒண்ணுக்குக்கூட ரெண்டு பக்கமும் இல்ல. மூணு தடவ பாத்துட்டேன். பென்ஸ்ரீ அக்கா அழுறாங்க. நானும்... சரி, நானும்தான்."

லம்யாய் போனைக் காதிலிருந்து எடுத்து, மருத்துவரைப் பார்த்து, "சார், ஒரு நிமிஷம் முன்னாடி கேட்டிருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

மழைக்காலம் முடிந்து காற்று குளிர்ந்த நாட்களில், தனித் டாக்டர் அந்தக் குடும்பங்களில் ஒருவரை நகோன் பதோமுக்கு அழைத்து வந்தார். ரத்த மாதிரி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. அவருக்கு மீனைப் பார்க்க வேண்டுமாம், அவ்வளவுதான். தீயங்சான் என்று பெயர். ப்ரே என்ற ஊரில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். தடித்த கறுப்புக் கண்ணாடி, அதன் மேல் அகன்ற தொப்பி. நடக்கும்போது கை தானாகச் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தது.

லம்யாய் மீன் அறையின் விளக்குகளைக் குறைத்தாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். குடுவைக்கு அருகில் குனிந்து, சண்டைக்கு நின்ற மீனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நீங்க சாதுன்னு நெனச்சீங்களா?"

"நாலு வருஷம் நெனச்சோம்."

டீச்சர் சிரித்தார். "என்னத் திமிரு பிடிச்சவள்னு நெனச்சாங்க. தெருவுல யாராவது சிரிச்சா திரும்பச் சிரிக்க மாட்டேன். கும்பிட்டா கும்பிட மாட்டேன். பாட்டு வாத்திச்சிக்கு எவ்வளவு மண்டைக்கனம்னு பேசுவாங்க. கண்ணு தெரியலன்னு சொன்னா, சாயங்காலம் சைக்கிள் ஓட்டுறியேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

மொத் வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஏதாவது கேலி பேசுவான். அன்று ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தான்.

முடிவு வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. வந்த அன்று லம்யாய் கணினி முன்னால் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் படித்தாள். ஆசானைக் கூப்பிட்டாள். ஆசான் படித்தார். தனித் டாக்டரும் சியாங் மாயில் அதையே படித்தார். ஐந்து குடும்பங்களில் மூன்றில் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பழுது வேறு எங்கோ இருந்தது. இரண்டு குடும்பங்களில் மீனில் உடைந்த அதே மரபணு உடைந்திருந்தது. அந்த இரண்டில் ஒன்று ப்ரே டீச்சருடைய குடும்பம்.

"நீயே சொல்லு" என்றார் தனித் டாக்டர், போனில். "அவங்க உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

தொலைபேசியில் டீச்சர் குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தார்கள். லம்யாய் சொன்னாள். பிள்ளைகளை அடக்கிவிட்டு டீச்சர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். லம்யாய் இன்னொரு தடவை சொன்னாள்.

"அப்ப நான் பொய் சொல்லல" என்றார் டீச்சர். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கம்மா கூட ஒரு தடவ சந்தேகப்பட்டாங்க தெரியுமா? இப்பவே போய்ச் சொல்லப்போறேன். கிளாஸ விட்டுட்டுப் போறேன்!" என்று சிரித்தார். அப்புறம்தான் கேட்டார்: "சரியாக்க முடியுமாம்மா?"

"தெரியாது டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். முதல்ல மீனுக்குச் செஞ்சு பாக்கணும். இந்த வாரம் ஆரம்பிக்கிறோம்."

"செய்ங்க. எனக்கு அவசரம் இல்ல. இல்லல்ல, அவசரம்தான். செய்ங்க."

அந்த வாரமே ஒரு காலையில் சாது வகை ஜோடி ஒன்று முட்டையிட்டது. பழுதில்லாத மரபணுவை முட்டைக்குள் செலுத்த வேண்டும். முடியை விட மெல்லிய ஊசி. மொத் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, கையை உதறி, ஊதி, மறுபடி உதறினான்.

"சீக்கிரம்டா, முட்டை வளந்து கல்யாணமே பண்ணிக்கும் போல இருக்கு" என்றாள் லம்யாய்.

"மூச்சு விடாதீங்கக்கா, ஊசி ஆடுது."

அவள் மூச்சை அடக்கினாள். ஆசான் அடக்கினார். பென்ஸ்ரீ அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் ஊசி முட்டையின் தோலைத் தொட்டது, குழித்தது, உள்ளே போனது. ஒரு சிறு துளி பரவியது. ஊசியை உருவினான். வெகுநேரம் முட்டை அப்படியே கிடந்தது. பிறகு அதன் நடுவே மெல்லிய கோடு ஒன்று விழுந்து, ஆழமாகி, ஒன்றாக இருந்தது இரண்டானது.

"உசுரோட இருக்கு" என்றான் மொத். "அடுத்தது குடுங்க."